சும்மா இருக்கையில் உடம்பு எரிப்பது எவ்வளவு? கடற்கரை ஊர்களில் என்னிடம் கேட்ட கேள்விகள்

பாம்பனில் பிறந்து வளர்ந்தவள் நான். ஊட்டச்சத்து படித்தேன். தொண்டியில் இருந்து சாயல்குடி வரை கடலோர ஊர்களில் நடக்கும் மருத்துவ முகாம்களில் எடை பார்க்கிற மேசையில் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். எடை மெஷினில் ஏறும் முன்பே பலர், அதிலும் பெண்கள், ஒரு காரணம் சொல்லிவிடுகிறார்கள். "எனக்கு மெட்டபாலிசம் கம்மி அக்கா, அதான் இப்படி." சொல்லும்போதே தலை குனிந்துவிடும். அப்படிக் குனிய வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே எழுதிவைக்கிறேன்.

மெட்டபாலிசம் மெட்டபாலிசம் என்கிறார்களே, அது என்ன?

சாப்பாட்டை உடைத்து, எரித்து, சக்தியாக்கிச் செலவழிக்கும் மொத்த வேலைக்கும் வளர்சிதை மாற்றம் என்று பெயர். அதில் ஒரு பங்கு, நாம் ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தாலும் நடந்துகொண்டே இருக்கும். இதயம் அடிக்க வேண்டும், மூச்சு ஓட வேண்டும், சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், உடம்பு 37 டிகிரிச் சூட்டில் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆகிற செலவைத்தான் ஓய்வுநிலைச் செலவு என்கிறோம்.

நங்கூரம் போட்ட படகில் இன்ஜினை அணைக்காமல் விட்டால் டீசல் குறைந்துகொண்டே இருக்கும் அல்லவா, அப்படித்தான். ஆனால் படகில் நின்றபடி ஓடினால் கொஞ்சம்தான் போகும். உட்கார்ந்த வேலை செய்கிற மனிதருக்கோ, ஒரு நாளின் மொத்தச் செலவில் 60 முதல் 70 விழுக்காடு இந்த நின்ற செலவுதான். சாப்பிட்டதைச் செரிக்க 10 விழுக்காடு போகிறது. நடப்பது, துவைப்பது, வலை பின்னுவது எல்லாம் மிச்சத்தில் அடக்கம்.

உள்ளே எல்லா உறுப்பும் ஒரே மாதிரி எரிப்பதில்லை. ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று பார்த்தால் இதயமும் சிறுநீரகமும் தலா நாளைக்கு 440 கலோரி, மூளை 240, ஈரல் 200. தசை வெறும் 13. கொழுப்பு 4.5. மூளை நம் எடையில் 2 விழுக்காடுதான், ஆனாலும் ஓய்வுச் செலவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. (பாக்கெட்டுகளில் கிலோகலோரி என்று அச்சடித்திருப்பதைத்தான் பேச்சில் கலோரி என்கிறோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.)

அக்கா, நான் தண்ணி குடிச்சாக்கூட உடம்பு போடுது. என் தங்கச்சி நல்லாத் தின்னுட்டு ஒல்லியா இருக்கா. எனக்கு மெட்டபாலிசம் செத்துப்போச்சா?

இது தங்கச்சிமடத்தில் ஒரு அக்கா கேட்டது. அவர் வயது 45, உயரம் 152 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. தங்கைக்கு 40 வயது, அதே உயரம், 52 கிலோ. பின்னால் சொல்லப்போகும் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தோம். அக்காவின் ஓய்வுச் செலவு நாளைக்கு 1,244 கலோரி. தங்கைக்கு 1,109. ஒல்லியான தங்கையைவிட அக்காவின் உடம்புதான் சும்மா இருக்கையிலும் 135 கலோரி கூடுதலாக எரிக்கிறது. அவர் நம்பவே இல்லை, மறுபடியும் போடச் சொன்னார்.

இதில் புதிர் எதுவும் கிடையாது. வள்ளத்தைவிட விசைப்படகு நின்ற இடத்திலேயே அதிக டீசல் குடிக்கும். உடம்பு பெரிதானால் ரத்தம் சுற்ற வேண்டிய இடமும் பெரிது, தாங்கிப் பிடிக்கும் தசையும் கூடுதல். எடை கூடியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஓய்வுச் செலவு குறைவாக இருப்பதில்லை, அதிகமாகவே இருக்கிறது.

அப்புறம் ஏன் அப்படித் தோன்றுகிறது? 1992இல் அமெரிக்காவில், "எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை" என்று வந்தவர்களை எடுத்து அளந்து பார்த்தார்கள். அவர்களுடைய ஓய்வுச் செலவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் தாங்கள் சாப்பிடுவதாகச் சொன்னது, உண்மையில் சாப்பிட்டதில் பாதி அளவுதான். அவர்கள் பொய் சொல்லவில்லை. சாப்பாட்டை நினைவில் வைத்துக்கொள்வது எல்லோருக்கும் கடினம். நம் வீட்டு அடுப்படியை நினைத்துப் பாருங்கள். மீன் பொரிக்கும்போது உடைந்த துண்டு ஒன்று வாய்க்குள் போகும். குழம்பு ருசி பார்ப்போம். பிள்ளை மிச்சம் வைத்த தோசையைக் கொட்ட மனசு வராது. தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டதை மட்டுமே 'சாப்பாடு' என்று எண்ணுகிறோம். மற்றவர்களுக்கு ஆக்கிப்போட்டுக் கடைசியில் சாப்பிடும் பெண்களுக்குத் தட்டில் விழுவது உண்மையிலேயே கொஞ்சம்தான். அதனால்தான் "நான் ஒண்ணுமே சாப்பிடலை" என்று மனசாரச் சொல்கிறார்கள். நானும் அதை நம்புகிறேன்.

அப்படியானால் ஆளுக்கு ஆள் வித்தியாசமே இல்லையா?

இருக்கிறது. ஒரே வயது, ஒரே எடை, ஒரே உயரமுள்ள இரண்டு பேரை அளந்தால் 100, 200 கலோரி கூடக்குறைய இருக்கும். அரிசோனாப் பக்கத்துப் பழங்குடி மக்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வுச் செலவு குறைவாக இருந்தவர்களுக்கு எடை கூடும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. ஆகவே கதை முழுக்கப் பொய் இல்லை. நாம் நினைக்கிற அளவுக்கு அது பெரிதில்லை, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. 1999இல் 16 பேருக்கு 8 வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்குக் கூடிய கொழுப்பு 360 கிராம், இன்னொருவருக்கு 4.2 கிலோவுக்கு மேல். இந்த வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் சின்னச் சின்ன அசைவுகள். ஒரு இடத்தில் இருக்காமல் எழுவது, நடப்பது, காலாட்டுவது. வீட்டில் பெரியவர்கள் "காலில் சக்கரம் கட்டியிருக்கா?" என்று திட்டுவார்களே, அந்த ஆட்கள்தான் எவ்வளவு தின்றாலும் உடம்பு போடாதவர்கள்.

இதை எப்படி அளக்கிறார்கள்?

12 மணி நேரம் சாப்பிடாமல், விழித்தபடி அசையாமல் படுக்க வைத்து, தலைக்கு மேல் கண்ணாடிக் கூடு போன்ற மூடி ஒன்றைக் கவிழ்ப்பார்கள். உள்ளே போகும் ஆக்சிஜன் எவ்வளவு, வெளியே வரும் கரியமில வாயு எவ்வளவு என்று பார்த்தால் உடம்பு எரித்த அளவு தெரியும். மூச்சு விடுவதும் விறகு எரிவதும் ஒரே வேலைதான் என்று முதலில் காட்டியவர் பிரான்ஸ் நாட்டு லவோசியே. 1780களில் லாப்லாஸ் என்ற அறிஞரோடு சேர்ந்து, ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து, அதன் உடற்சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்.

கடைகளில் ஏறி நின்றால் 'பி.எம்.ஆர்.' என்று ஓய்வுச் செலவை ஒரு எண்ணாகக் காட்டும் மெஷின் உங்கள் மூச்சை அளக்கவில்லை. சூத்திரத்தைப் போட்டுச் சொல்கிறது. அந்தக் கணக்கை வீட்டிலேயே போடலாம்.

எப்படிப் போடுவது?

1990இல் வந்த சூத்திரம் இது. எடையை (கிலோ) 10ஆல் பெருக்குங்கள். உயரத்தை (சென்டிமீட்டர்) 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆணாக இருந்தால் 5 கூட்டுங்கள், பெண்ணாக இருந்தால் 161 கழியுங்கள். மேல்நாட்டாரை அளந்து செய்தது, நம்மவர்களுக்குச் சற்றே கூட்டிக் காட்டலாம். குத்துமதிப்புக்கு இது போதும்.

முன்னே சாப்பிட்ட மாதிரிதான் இப்பவும் சாப்பிடுறேன். தொப்பை மட்டும் எப்படி வந்துச்சு?

மண்டபத்தில் ஒரு அண்ணன் கேட்டார். 45 வயது, 168 சென்டிமீட்டர், சின்ன வயதில் 65 கிலோ இருந்தவர். நான் பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான்: "அப்போ கடலுக்கு எப்படிப் போனீங்க?" தண்டு வலித்துப் போயிருக்கிறார், கரைவலை இழுத்திருக்கிறார், வள்ளத்தை மணலில் தோள் கொடுத்துத் தள்ளியிருக்கிறார். பிறகு இன்ஜின் வந்தது. இப்போது படகு மகன் கையில். இவர் கரையில் மீன் எடைபோடும் இடத்தில் நாற்காலியில் இருக்கிறார்.

65 கிலோ ஆணுக்கு ஓய்வுச் செலவு அவர் வயதில் சுமார் 1,480. தண்டு வலித்தாலும் நாற்காலியில் இருந்தாலும் இது பெரிதாக மாறாது. மாறியது மிச்சப் பங்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட கணக்கில், 65 கிலோ ஆணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் நாளைக்கு 2,110 கலோரி தேவை, கடின உழைப்பு என்றால் 3,470. இடையில் 1,360 கலோரி. ஒரு கிண்ணச் சோறு, 150 கிராம், கிட்டத்தட்ட 200 கலோரி. ஆறு, ஏழு கிண்ணச் சோற்று வேலையை இன்ஜின் வாங்கிக்கொண்டது, தட்டில் சோறு மட்டும் குறையவில்லை. அவர் உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை.

மீன்பிடித் தடைக்காலத்திலும் இதேதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நாட்களில் தேவைக்கு மேல் தினம் 300 கலோரி போனால், 61 நாளில் 18,300. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்று வைத்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வருகிறது. உடம்பு கொஞ்சம் ஈடுகட்டும், அதனால் நடப்பில் சற்றுக் குறையலாம். ஆனால் ஜூன் 15இல் கடலுக்குப் போனதும் அது தானாக இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வருடத்துக்கு ஒரு கிலோ தங்கினாலும் பத்து வருடத்தில் பத்து கிலோ.

அந்த 300 எங்கிருந்து வரும் என்பீர்கள். கரையில் சும்மா இருக்கிற நாளில் டீக்கடைதான் போக்கிடம். நாலு டீ, டீக்கு இரண்டு கரண்டிச் சீனி என்றால் சீனி மட்டுமே 160 கலோரி. பாலும் இரண்டு வடையும் சேர்ந்தால் 300ஐத் தாண்டிவிடும். கடன், டீசல் விலை, எல்லைப் பிரச்சினை என்று மனசு கனத்திருக்கிற நேரத்தில் அந்த டீயையும் விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சீனியை ஒரு கரண்டியாக்குங்கள் என்றுதான் சொல்வேன்.

நாற்பது தாண்டினால் மெட்டபாலிசம் படுத்துவிடும் என்கிறார்களே?

நானும் பல காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2021இல் அந்த எண்ணம் மாறியது. 29 நாடுகளில், பிறந்து 8 நாளான குழந்தை முதல் 95 வயதுக்காரர் வரை 6,400 பேருக்கு மேல் அளந்த கணக்கு அப்போது வெளியானது. உடம்பின் அளவைச் சரிசெய்து பார்த்தால் 20 வயதில் இருந்து 60 வயது வரை செலவு மாறவே இல்லை. மாதவிடாய் நிற்கும் வயதிலும் தனியாக ஒரு சரிவு தெரியவில்லை. 60க்குப் பிறகுதான் வருடத்துக்கு 0.7 விழுக்காடு வீதம் இறங்குகிறது. அதிகம் எரிப்பவர்கள் ஒரு வயதுக் குழந்தைகள்: பெரியவர்களைவிட 50 விழுக்காடு கூடுதல்.

நாற்பதில் மாறுவது நம் நாள். பிள்ளைகள் தலையெடுத்திருப்பார்கள், தண்ணீர்க் குடம் தூக்குவது நின்றிருக்கும், மிக்ஸியும் கிரைண்டரும் வந்திருக்கும், பக்கத்துத் தெருவுக்கும் வண்டியில் போவோம். தசையும் கொஞ்சம் கரைந்திருக்கும்.

ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு வேகமாக இறக்கிவிடலாமா?

வேண்டாம். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம், ஒரு எடைக்குறைப்பு நிலையத்தில் நாளைக்கு 800 கலோரி என்று ஒரு அட்டவணை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் 9 கிலோ இறங்கியது. ஊரே வந்து பாராட்டியது. சித்திரை வெயிலில் எனக்குக் கை சில்லிட்டது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, படிக்க உட்கார்ந்தால் புரோட்டா நினைவு மட்டும் வந்தது. ஒன்றரை வருடத்தில் 11 கிலோ திரும்பியது. எனக்கு மன உறுதி இல்லை என்று அங்கே சொன்னார்கள். நானும் நம்பினேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாமல் அழுதிருக்கிறேன். இந்தப் படிப்புக்கு என்னைத் தள்ளியதே அந்த வருடம்தான்.

என்ன நடந்தது என்பது படித்த பிறகு புரிந்தது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற அறிஞர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ளத்தான் அது. எடையில் கால் பங்கு போனது. ஓய்வுச் செலவோ சுமார் 40 விழுக்காடு இறங்கிவிட்டது. எடை குறைந்த அளவைத் தாண்டி, உடம்பு தன் நெருப்பைத் தானே தணித்துக்கொண்டது. எல்லோருக்கும் குளிர்ந்தது, இரவும் பகலும் சாப்பாட்டு நினைப்பு. எனக்கு நடந்ததும் அதுதான். எப்போது மீன் கிடைக்கும் என்று தெரியாத வீட்டில் இருக்கிறதைக் கட்டுசெட்டாகச் செலவழிப்பது போல, பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்து உடம்பு சிக்கனம் பிடித்தது.

2016இல் இன்னொன்று வந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து அளந்தார்கள். இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. ஆனால் ஓய்வுச் செலவு, அந்த உடம்புக்கு இருக்க வேண்டியதைவிட நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே நின்றுவிட்டது. மிதமாகக் குறைப்பவர்களுக்கு இந்த இறக்கம் இவ்வளவு கடுமையாக இருப்பதில்லை. ஆகவே மாதம் ஒரு கிலோ, மிஞ்சிப்போனால் இரண்டு கிலோ என்று குறையுங்கள். மாதம் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 300 கலோரி குறைத்தால் போதும். பசியோடு படுக்கப் போகும் எந்த அட்டவணையையும் நான் யாருக்கும் எழுதித் தருவதில்லை.

குறைக்கும்போது மீனைக் குறைக்காதீர்கள். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. புரதம் செரிக்க அதன் கலோரியில் 20 முதல் 30 விழுக்காடு செலவாகிவிடும். மாவுச்சத்துக்கு 5 முதல் 10, எண்ணெய்க்கு 3க்குள். சூடையோ நகரையோ சாளையோ, மலிவான மீனே போதும். பொரிப்பதை வாரத்தில் இரண்டு நாளாக்கி மற்ற நாள் குழம்பாக, புட்டாக வையுங்கள்.

நோன்பு மாதம் பகலெல்லாம் பட்டினி. ஆனாலும் பெருநாள் வரும்போது எடை கூடியிருக்கு. பட்டினியால் மெட்டபாலிசம் குறைஞ்சுதா?

கீழக்கரையில் ஒவ்வொரு வருடமும் கேட்கிறார்கள். பகல் பட்டினியில் உடம்பு அந்தச் சிக்கன நிலைக்குப் போவதில்லை. நோன்பு வைத்தவர்களை அளந்த ஆய்வுகளில் ஓய்வுச் செலவு பெரிதாக மாறவில்லை. நோன்பு திறந்த பிறகு வருவதைப் பாருங்கள். நோன்புக் கஞ்சி நல்ல உணவு, வயிறும் நிரம்பும். கஞ்சியோடு நிறுத்தினால் எடை குறையவே செய்யும். சமோசா, பஜ்ஜி, ரோஸ் மில்க், அப்புறம் தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்து ஒரு சாப்பாடு, தூக்கம் கெட்டு விடியலுக்கு முன் ஸஹரில் இன்னொன்று. கடல்பாசி இனிப்பு செய்கிறீர்களே, பாசியில் ஒன்றும் இல்லை, அதில் கொட்டும் சீனியும் பாலும்தான் கணக்கு. நோன்பின் நோக்கம் எடை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். எடைக்காகப் பயந்து யாரும் நோன்பை விட வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் நேரத்தை மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குத் தைராய்டு இருக்கு. அதனாலதானே இவ்வளவு எடை?

தைராய்டு சுரப்பிதான் இந்த நெருப்பின் திருகு. சுரப்பு குறைந்தால் ஓய்வுச் செலவு உண்மையிலேயே குறையும். சோர்வு, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்தல், மாதவிடாய் மாறுதல், வெயில் காலத்திலும் குளிர்வது எல்லாம் வரும். டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆனால் அதனால் கூடுகிற எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ, அதிலும் நிறைய உப்பும் நீரும்தான். 20 கிலோ கூடியிருந்தால் தைராய்டு மட்டும் காரணமாக இருக்காது. மாத்திரையை நிறுத்தாதீர்கள், மாத்திரை எல்லா எடையையும் இறக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

கடல் மீன் சாப்பிடுகிறோம், அயோடின் உப்பு எதற்கு என்றும் கேட்கிறார்கள். மீனில் இருக்கிறதுதான், ஆனால் தினம் ஒரே அளவில் கிடைக்காது. உப்பளத்துக் கல்லுப்பில் அயோடின் இல்லை என்றே சொல்லலாம். மீன் உப்புப் போட அது இருக்கட்டும். சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்பை வாங்குங்கள்.

குண்டு மிளகாய் காரம் கொழுப்பைக் கரைக்குமா? கிரீன் டீ? வாட்ஸ்அப்பில் ஒரு பவுடர் வருதே?

மிளகாயின் காரமும் டீ, காபியின் காஃபினும் ஓய்வுச் செலவைக் கொஞ்ச நேரம் சிறிதளவு கூட்டும். தராசில் தெரிகிற அளவுக்கு வராது. நம் முண்டு மிளகாயைக் குழம்பின் ருசிக்காகப் போடுங்கள். அதற்கே அது தகும்.

பவுடர் விஷயத்தில் எனக்குக் கோபம் வரும். 1930களில் அமெரிக்காவில் டைநைட்ரோபீனால் என்று ஒரு மருந்து விற்றார்கள். முதல் உலகப் போரில் வெடிமருந்து ஆலைகளில் கையாண்ட பொருள் அது. மெட்டபாலிசத்தை நிஜமாகவே கூட்டியது, எடை நிஜமாகவே இறங்கியது. ஆனால் உடம்பு உள்ளேயே கொதித்துச் சிலர் செத்தார்கள், பலருக்குக் கண்ணில் புரை விழுந்தது. 1938இல் நிறுத்தினார்கள். நெருப்பைக் கூட்டும் மருந்து இதயத்தையும் சேர்த்துத்தான் விரட்டும். நோய் இல்லாதவர் எடைக்காகத் தைராய்டு மாத்திரை போட்டாலும் அதேதான். என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதாத டப்பாவை வாங்காதீர்கள்.

வெயிலில் வேர்த்தால் எடை குறைகிறதே?

தண்ணீர்தான் குறைகிறது. குடித்தால் திரும்பிவிடும், கண்டிப்பாகக் குடியுங்கள்.

பாசி எடுக்க மணிக்கணக்கா தண்ணிக்குள்ள கிடக்கிறோம். குளிர்ல கொழுப்பு கரையணுமே?

சின்னப்பாலத்தில் மரிக்கொழுந்துப் பாசி என்ற கடற்பாசியை எடுக்கும் பெண்கள் கேட்டது. மிக நல்ல கேள்வி. காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். மன்னார் வளைகுடாத் தண்ணீர் நமக்கு வெதுவெதுப்பாகத் தெரிந்தாலும் உடம்பைவிடக் குளிர்ந்தது. இரண்டு, மூன்று மணி நேரத்தில் நடுக்கம் வருகிறது என்றால், உடம்பு சூட்டுக்காக எரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மூழ்கி மூழ்கி எடுக்கும் உழைப்பு தனி. செலவு நிச்சயம் அதிகம்தான்.

ஆனால் குளிர்ந்த நீரில் இருந்து ஏறியதும் பசி பலமாக எடுக்கும், எரித்ததை உடம்பு திருப்பிக் கேட்கும். காலையில் வெறும் வயிற்றோடு போய், மத்தியானம் வந்து ஒரே மூச்சில் சாப்பிடுவதைத்தான் நான் மாற்றச் சொல்கிறேன். போகும் முன் பழைய சோறும் கருவாடுமோ, இட்லியோ ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உங்களில் பலருக்கு எடை குறைக்கவே தேவையில்லை. ரத்தச்சோகையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உடற்பயிற்சி செய்து தசை கூட்டினால் சும்மா இருக்கையிலும் எரியுமாமே?

எரியும், கொஞ்சமாக. 3 கிலோ தசை கூடினால் நாளைக்கு 39 கலோரி, அரை டீக்குக்கூட ஆகாது. ஆனாலும் செய்யுங்கள். சாப்பிட்ட சர்க்கரையை ரத்தத்தில் இருந்து இழுத்துக்கொள்ளும் பெரிய இடம் தசைதான். இளைக்கும்போது தசையைக் காப்பதும் உடற்பயிற்சிதான். ஒரு மணி நேர வேக நடைக்கு ஓய்வுச் செலவுக்கு மேல் 150, 200 கலோரி போகும். விடியலில் கரையோரம் நாலு பேராகச் சேர்ந்து நடந்தால் யார் என்ன சொல்வார்கள் என்ற கூச்சமும் போய்விடும்.

பிள்ளைக்குப் பால் கொடுக்கிறேன். இப்போது குறைக்கலாமா?

இப்போது வேண்டாம். முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் தாய்க்கு நாளைக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை. நன்றாகச் சாப்பிடுங்கள். பிள்ளை பெற்ற உடம்பைப் பார்த்து யாராவது ஏதாவது சொன்னால், ஆறு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள்.

நான் ஒல்லிதான். எனக்கு ஏன் சர்க்கரை வந்தது?

கை கால் மெலிந்து வயிற்றில் மட்டும் கொழுப்பு சேரும் உடல்வாகு நம்மிடம் அதிகம். தசை குறைவு, கொழுப்பு கூடுதல். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக் இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர். அதனால்தான் இந்தியர்களுக்குப் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 23ஐத் தொட்டாலே கவனிக்கச் சொல்கிறார்கள். தராசைவிட இஞ்ச் டேப்பை நம்புங்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் ஒருமுறை சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

மாமியாருக்கு 70 வயசு. வர வர மெலிஞ்சுக்கிட்டே போறாங்க. வயசானா நெருப்பு குறையும்னு சொன்னீங்களே, அதானே?

இதை உச்சிப்புளியில் ஒரு மருமகள், போகிற போக்கில் கேட்டார். நான் நிறுத்தி உட்காரவைத்தேன். நெருப்பு குறைந்தால் எடை கூட வேண்டும் அல்லது நிற்க வேண்டும், இறங்கக் கூடாது. வயதானவர் காரணம் இல்லாமல் ஆறு மாதத்தில் எடையில் 5 விழுக்காடு, அதாவது 50 கிலோவில் இரண்டரைக் கிலோ, இறங்கினால் அதை முதுமை என்று விடக் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் மெலியும். கட்டுப்படாத சர்க்கரையிலும் மெலியும். காசநோயிலும் மெலியும், காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினாலே ஓய்வுச் செலவு 10 விழுக்காட்டுக்கு மேல் ஏறிவிடும். புற்றுநோயும் மன வாட்டமும்கூட இப்படித்தான் தொடங்கலாம். சில நேரம் பல் இல்லாததே காரணம், மீனில் முள் எடுக்கக் கண் தெரியாததே காரணம்.

வீட்டில் தராசு இல்லை என்றால் ஜாக்கெட் தொளதொளக்கிறதா, வளையல் முழங்கை வரை ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் இருந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்ச் சளி கொடுக்கச் சொல்லுங்கள். அதற்குக் காசு வாங்க மாட்டார்கள். அதுவரை முள் எடுத்த மீனோ, ஒரு முட்டையோ, குழைந்த சோற்றில் பருப்போ, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுங்கள்.